காரம் தொட்டது யார்

போன சனிக்கிழமை புவாண்ட்-கிளேர் பேரங்காடிக்குச் சப்பாத்து மாற்றப் போனேன். திரும்பி வரும் வழியில் உன் வாசம் வந்தது. உன்னுடைய வாசம் அல்ல, நீ சவர்க்காரத்தில் கலக்கும் எலுமிச்சைப்புல் எண்ணெயின் வாசம். ஒரு சின்னக் கடை. மரத்தட்டுகளில் சவர்க்காரக் கட்டிகளைக் கேக் துண்டுகள் போல அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு கடதாசிப் பட்டி. அதில் பிரெஞ்சில் இரண்டு சொற்கள், கையெழுத்துப் போன்ற அச்சில்: சான் சூட். எரிசோடா இல்லாதது என்று அர்த்தம்.

விற்கிற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். எல்லாம் கையால் செய்தவை, எரிசோடா கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "அப்ப இது எப்படிச் சவர்க்காரம் ஆனது?" என்று கேட்டேன். சிரிப்பு அப்படியே நின்றது. அவளில் பிழையில்லை. அவளுக்கும் சொல்லிக் கொடுத்ததைச் சொல்வதற்குத்தான் சம்பளம். வெளியே வந்து ஒரு வாங்கில் இருந்தேன். சப்பாத்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உன்னை நினைத்தேன். நீ வந்திருந்தால் அந்தப் பட்டிகள் முழுவதையும் கழற்றித் திருத்தி எழுதும் வரைக்கும் கடையை விட்டு நகர்ந்திருக்க மாட்டாய். நான் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் நின்றிருப்பேன்.

நாங்கள் பழகியது சென்ட் லோரன்டில், நிலம் கழுவும் திரவம் செய்து போத்தலில் அடைக்கும் தொழிற்சாலையில். நான் சிறுமியாக இந்த மொன்ட்ரியால் நகரத்துக்கு வந்து, இங்கே பள்ளிக்கூடம் போய், மேற்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே வேலைக்கு நின்றவள். நீ மன்னாரில் இருந்து தனியாக வந்து, அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு அங்கே நின்றவள். இரண்டு பேருக்கும் சம்பளம் தந்தது தொழிற்சாலை அல்ல, ஏஜென்சி. அடிபட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நாங்கள் நிற்பதற்காகவே அப்படி ஓர் ஏற்பாடு என்பது பிறகுதான் விளங்கியது.

வாடகை கட்டுப்படியாகாமல் மொன்ட்ரியால்-நோரில் ஒரு நிலக்கீழ் வீட்டைச் சேர்ந்து எடுத்தோம். சமையலறை ஜன்னலால் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். நீ தேத்தண்ணியோடு அந்த ஜன்னலடியில் நின்று சப்பாத்துகளுக்குப் பட்டம் வைப்பாய். "இந்தா, கடன்காரன் போறான். பார், பின்குதியைக் கண்டியோ, ஓடி ஓடியே தேஞ்சு போச்சு." ஞாயிற்றுக்கிழமை நீ மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வரும்போது நான் நித்திரையால் எழும்பியிருக்க மாட்டேன். "சைவக்காரி, உன்ர சாமி உன்னை எழுப்பேல்லையோ?" என்று கட்டிலை உதைப்பாய்.

எங்கள் சூப்பர்வைசருக்கு 'மீசை' என்று பெயர் வைத்ததும் நீதான். கியூபெக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. இடைவேளையில் நாங்கள் மைக்ரோவேவில் தேத்தண்ணி சூடாக்கும்போது அவரும் வந்து கோப்பையை நீட்டுவார். அவருக்குத் தமிழ் படிப்பிக்கிறேன் என்று நீ வெளிக்கிட்டாய்.

"முசியே, சூடு. ஊதிக் குடிக்கோணும். சொல்லுங்கோ பாப்பம், சூடு."

"சூது."

"ஐயோ, சூது எண்டா வேற. சூது விளையாடிறது உங்கட முதலாளி. இது சூடு."

முதலாளியைப் பற்றிய பகுதியை நான் மொழிபெயர்க்கவில்லை. கொஞ்ச நாளில் அவர் நன்றாகப் பிடித்துக்கொண்டார். கோப்பை கையில் வந்ததும் விரலை உதறி "சூடு! சூடு!" என்று நடிப்பார். நாங்கள் மட்டுமில்லை, ஹெயிட்டிப் பெண்களும் அந்தச் சொல்லைப் பாடமாக்கிவிட்டார்கள். நீ பெருமைப்பட்டாய். "என்ர மாணவன் கெட்டிக்காரன்" என்பாய்.

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் போகும் குழாயின் மூட்டு ஒன்று கசிந்தது. மேசையில் தண்ணீர் போலத் தெளிவாக ஏதோ தேங்கி நின்றது. நிறமில்லை, மணமில்லை. மீசை தூரத்தில், ஏணிப்படியில் நின்று அதைக் கண்டுவிட்டார். இரண்டு கையையும் விரித்துக் கத்தினார்: "சூட்! சூட்!"

நீ புத்தியுள்ள எவரும் செய்வதைத்தான் செய்தாய். பின்னால் விலகி நின்றாய். கொஞ்சம் பொறுத்து, புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாய். வெக்கை இல்லை. என் பக்கம் திரும்பி, "ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, அவர்கள் எங்களுக்குத் தந்திருந்த துணிக் கையுறையோடு பழந்துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாய். மெசின் சத்தத்துக்கு மேலால் நீ சொன்னது இப்போதும் எனக்குக் கேட்கிறது. "என்னடி இது, வழுவழுவெண்டு இருக்கு. சவுக்காரம் போல." உன் குரலில் நோவு இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. நோவு பிறகுதான் வந்தது.

மீசை ஓடி வந்து கையுறையை உரித்தெறிந்து உன்னைத் தண்ணீர்க் குழாய்க்கு இழுத்துக்கொண்டு போனார். யாரோ ஒரு பெண் தேசிக்காய்ப் புளி விடச் சொன்னாள். அவர் அவளைப் பேசி விலக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் ஓட விட்டுக்கொண்டே நின்றார். அந்த அளவில் அவர் செய்தது சரி. அதை நான் எப்போதும் சொல்லுவேன்.

ஆசுப்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்து கதைத்தோம்.

"ஏன்டி துடைச்சனீ? அந்த மனுசன் கத்தினவர் எல்லோ?"

"சூடு எண்டுதானே கத்தினவர். அதுதான் ஆறும் வரைக்கும் நிண்டனான்."

"அவர் சூட் எண்டு கத்தினவர்."

"ஓம். அதைத்தான் நானும் சொல்லுறன்."

"எடியே, அது தமிழ் இல்லையடி. பிரெஞ்சு. எரிசோடாவுக்கு இஞ்ச சூட் எண்டுதான் பேர்."

நீ என்னைப் பார்த்தாய். மடியில் இருந்த ஈரத்துணிச் சுற்றைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்த கிழவர் எழும்பி வேறு இடம் போகும் அளவுக்குச் சிரித்தாய். "நான் நினைச்சன், என்ர மாணவன் சோதினை பாஸ் பண்ணிட்டான் எண்டு."

கட்டுப் போட வந்த தாதியிடம் அந்த வழுவழுப்பைப் பற்றிக் கேட்கச் சொன்னாய். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். எண்ணெயும் எரிசோடா என்கிற எரிகாரமும் சேர்ந்தால் சவர்க்காரம். தோலிலும் கொழுப்பு இருக்கிறது. காரம் பட்டதும் அந்தக் கொழுப்பு சவர்க்காரமாகத் தொடங்குகிறது, அதுதான் வழுக்குகிறது என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். நீ இன்னொருமுறை சொல்லச் சொன்னாய். பிறகு, "அப்ப கொஞ்ச நேரம் நான் சவுக்காரமா இருந்திருக்கிறன்" என்றாய்.

தொழிற்சாலையில் அதற்கு 'மொழிப் பிரச்சினை' என்று பெயர் வைத்தார்கள். ஒரு தமிழ்ப் பெண் பிரெஞ்சு விளங்காமல் கையை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். பின்னேரங்களில் பிரெஞ்சு வகுப்பு இலவசமாக நடக்கிறதே என்று மேலாளர் கேட்டார். பின்னேரங்களில் நீ அவருடைய போத்தல்களை அடைத்துக்கொண்டிருந்தாய் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கையில் கட்டோடு நீ கதிரையில் இருந்தாய். நான் மொழிபெயர்க்கப் பக்கத்தில் இருந்தேன்.

"இவருக்குச் சொல்லு," என்றாய். "அவருக்கு நான் தமிழ் படிப்பிச்ச அளவுக்கு எனக்கு இஞ்ச ஒருத்தரும் பிரெஞ்சு படிப்பிக்கேல்லை."

சொன்னேன். சுவரோரம் நின்ற மீசை நிலத்தைப் பார்த்தார்.

உனக்கு நட்டஈடு வேண்டாம் என்று இருந்ததாக எழுத மாட்டேன். வேண்டித்தான் இருந்தது. அதற்கு அலைந்தோம், கொஞ்சம் கிடைத்தது. ஆனால் நீ ஒவ்வொரு முறையும் கேட்டது ஒன்றைத்தான்: அந்தப் பீப்பாயிலும் குழாயிலும் உள்ளே இருப்பது என்னவென்று அங்கே வேலை செய்கிறவர்களின் மொழிகளில் எழுதிப் போட வேண்டும். அடுத்தவளின் கை தப்ப வேண்டும். பிரெஞ்சில் ஏற்கனவே எழுதியிருக்கிறது என்றார்கள். உண்மைதான், எறும்பு ஊர்ந்த அளவில் எழுதியிருந்தது. உங்களுக்கு எழுதினால் பிறகு பத்து மொழியில் எழுத வேண்டி வரும் என்றார்கள். பத்து மொழிக்காரரை வேலைக்கு எடுக்கும்போது யாரும் எண்ணிப் பார்த்துக் கவலைப்படவில்லை.

கை ஆறியபோது ஏஜென்சி உன்னை வேலையை விட்டு நிற்பாட்டவில்லை. கூப்பிடுவதைத்தான் நிற்பாட்டியது. இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்களை அப்படித்தான் வெளியே அனுப்புகிறார்கள், மிகவும் மரியாதையாக.

ஆறிய கையின் தோல் இளஞ்சிவப்பாக, இழுபட்டு இருந்தது. எந்தச் சவர்க்காரம் போட்டாலும் காந்தியது. வீட்டிலேயே செய்வோம் என்று நான் ஒரு காணொளியைப் போட்டேன். அதில் ஒரு பெண் கண்ணாடியும் தடித்த கையுறையும் மாட்டிக்கொண்டு வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கொட்டினாள். நீ எட்டி மடிக்கணினியை மூடினாய். "அந்தச் சாமான் இந்த வீட்டுப் படி இறங்கி வரக் கூடாது."

அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளைக் கட்டியைக் கண்டுபிடித்தாய். கைவேலைச் சாமான் விற்கும் கடையில் கிடைப்பது. காரம் தன் வேலையை முடித்துவிட்ட, ஏற்கனவே சவர்க்காரமாகிவிட்ட கட்டி. உருக்கி ஊற்றினால் போதும். வெண்ணெய் வெட்டுவது போல அதைச் சின்னச் சதுரங்களாக வெட்டுவாய். கொதிதண்ணீர்ச் சட்டிக்கு மேல் கிண்ணத்தை வைத்து மெதுவாக உருக்குவாய். கட்டியைக் கொதிக்க விட மாட்டாய், கொதித்தால் நிறம் மங்கி ஒரு கெட்ட மணம் ஏறும். வாசனை எண்ணெயைச் சற்று ஆறிய பிறகுதான் விடுவாய், அந்தரப்பட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். நான் அந்தரப்படுகிறவள். "தள்ளி நில், உன்னால இந்தத் தெரு முழுக்க மணக்குது, சவுக்காரம்தான் மணக்கேல்ல" என்று என்னைக் கலைப்பாய்.

அச்சுக்கு எங்களிடம் இருந்தது இட்டலித் தட்டு. முதல் தடவை ஓட்ஸ் மா போட்டு ஊற்றினாய். இறுகிய பிறகு தட்டினால் உண்மையான இட்டலி கெட்டது போ. அடுத்த முறை மஞ்சள் போட்டாய். வீட்டில் இருந்த துவாய் எல்லாம் மஞ்சளாகி, நாங்கள் இரண்டு பேரும் காமாலைக்காரர் போல ஒரு கிழமை திரிந்தோம். கோடையில் அந்தக் கட்டிகளுக்கு வியர்க்கும், காற்றின் ஈரத்தை இழுத்து மேலெல்லாம் முத்து முத்தாக நிற்கும். சூட்டோடு சூடாகப் பொலித்தீனில் சுற்றிவிடலாம் என்று நான் அவசரப்பட்டதில் ஒரு தட்டு பழுதானது. நன்றாக ஆற வைத்துத்தான் சுற்ற வேண்டும். இவற்றையெல்லாம் நீயும் யாரிடமும் கற்கவில்லை. பழுதாக்கிப் பழுதாக்கி இரண்டு பேரும் கண்டுபிடித்தோம். உன் கை காந்தவில்லை. முதல் நாள் அதால் கழுவிவிட்டு, கையைத் துடைக்காமலே என் முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாய்.

மாதா கோயில் மண்டபத்தில் கடை போட்டபோது, அந்தப் பங்கில் எல்லோருக்கும் தெரிந்த, பலகாரம் விற்கும் ஒரு அன்ரி வந்து கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, இது சவுக்காரம் செய்யிறது இல்லை. ஆரோ செய்ததை உருக்கிறது."

"ஓம் அன்ரி. நீங்களும் சோறு சமைக்கிறனீங்கள்தானே, நெல்லு விதைச்சனீங்களோ?"

பின்னால் நின்ற ஒரு ஐயா, "இட்டலி நல்லாத்தான் இருக்கு, சாம்பார் எங்க?" என்றார். அன்ரியும் சிரித்துவிட்டு இரண்டு வாங்கினார்.

ஆனால் அன்ரி சொன்னதை நீ மறக்கவில்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் நாங்கள் சண்டை பிடித்தோம். அடுத்த முறைக்கு நான் கணினியில் அழகாக ஒரு பட்டி செய்திருந்தேன். அதில் பிரெஞ்சில் எழுதியிருந்தேன்: சான் சூட்.

"இதென்ன?"

"எரிசோடா இல்லாதது எண்டு. இப்ப எல்லாரும் இப்பிடித்தான் போடுறாங்கள். விக்கும்."

"பொய் எழுதாதை."

"எங்கயடி பொய்? நாங்கள் போடேல்லத்தானே?"

"நாங்கள் போடேல்ல. அந்தக் கட்டியை ஆர் செய்தது?"

"ஏதோ ஒரு பக்டரி."

"அங்க காரத்தை ஆர் ஊத்தினது? தானா நடந்து போய்ச் சட்டிக்குள்ள விழுந்ததோ? அங்கயும் ஒருத்தி நிண்டிருப்பாள். அவளுக்கு என்ன கையுறை குடுத்தவங்களோ தெரியாது. நான் தொடாமல் இருக்கிறன் எண்டா வேற ஒருத்தி தொடுறாள் எண்டுதான் அர்த்தம். அவளை இல்லையெண்டு எழுதப் பாக்கிறாய்."

எனக்குக் கோபம் வந்தது. முதலாளிமாரைத் திட்டுவதில் நான்தான் உன்னைவிடச் சத்தம் போடுகிறவள். நீ அந்தக் கோபத்தை எடுத்து எங்கள் சமையலறை மேசையில், என் முன்னாலேயே வைத்துவிட்டாய். கடைசியில் பட்டியில் நீ சொன்னபடியே இரண்டு மொழியிலும் அடித்தோம்: 'காரம் வைத்துச் செய்ததுதான். நாங்கள் தொடவில்லை, வேறொருவர் தொட்டார்.' ஒரு வெள்ளைக்காரப் பெண் அதை வாசித்துவிட்டுக் கட்டியை மெல்லத் திருப்பி வைத்தாள். "விடு, வாசிச்சவள்தானே" என்றாய்.

உனக்கு வயிற்று நோவு தொடங்கியதும் இன்னோர் இலையுதிர்காலத்தில்தான். குடும்ப வைத்தியருக்குக் காத்திருப்போர் பட்டியலில் பதிந்து வைத்துவிட்டு, முன்பதிவு கேட்காத சிகிச்சை நிலையங்களில் காத்திருந்து, மருந்து மாற்றி மருந்து வாங்கி, கடைசியில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை. உன் அடக்கம் முடிந்து பனி உருகிய பிறகு உனக்கு ஒரு வைத்தியர் கிடைத்திருக்கிறார் என்று தொலைபேசி வந்தது. நான் நன்றி சொல்லி வைத்தேன். அந்தப் பெண்ணோடு கத்துவதில் என்ன இருக்கிறது. யாரோடு கத்துவது என்று மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடைசிக் கிழமையில் உன் குரல் மிகவும் தணிந்துவிட்டது. நான் கதைப்பதற்கு எதுவும் இல்லாமல் வேலையில் நடந்த பகிடிகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ இடையில் மறித்தாய்.

"எழுதிப் போட்டாங்களோ?"

எதை என்று நான் கேட்கவில்லை. "இன்னும் இல்லை" என்றேன். பொய் சொல்லியிருந்தால் நீ கண்டுபிடித்திருப்பாய்.

"நீ அங்க நிக்கிறாய்தானே," என்றாய். அது கேள்வியா கட்டளையா என்று எனக்குத் தெரியவில்லை. நீ கண்ணை மூடிவிட்டாய்.

நிற்கிறேன். படிப்பைத் திருப்பித் தொடங்கு என்று அம்மா ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் சொல்கிறார். தொடங்கத்தான் போகிறேன். ஆனால் இன்னும் நிற்கிறேன். பீப்பாயில் பசைத்தாள் ஒட்டித் தமிழில் 'காரம்' என்று எழுதினேன். ஹெயிட்டிக்காரி அவளுடைய மொழியில் எழுதித் தந்தாள், வங்காளப் பெண் அவளுடைய மொழியில். கிழமைக்கொரு தரம் அவை காணாமல் போகும். கழற்றுகிறவர் மீசைதான், மேலிடத்து உத்தரவு. கழற்றும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் திரும்பவும் ஒட்டுவேன்.

இந்தத் திங்கட்கிழமை ஏஜென்சி ஒரு புதுப் பெண்ணை அனுப்பியது. கோயம்புத்தூர்க்காரி, படிக்க வந்தவள். தமிழ் எழுத்தைக் கண்டதும் அவளுக்கு முகமெல்லாம் சந்தோசம். பீப்பாயில் கையை ஊன்றிக்கொண்டு வாசித்தாள்.

"காரமா? என்னக்கா, உள்ள ஊறுகாய் போட்டு வெச்சிருக்கீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. மிளகாய் எரிவதை நாங்கள் உறைப்பு என்போம். அவர்களுக்கு அது காரம். சூடு ஒருத்தியை ஏமாற்றியது, இப்போது காரம் இன்னொருத்தியை ஏமாற்றப் பார்த்தது, அதுவும் நானே என் கையால் எழுதி ஒட்டிய காரம். அவளுடைய கையைப் பிடித்துப் பீப்பாயில் இருந்து எடுத்தேன். தாளைக் கிழித்துவிட்டு, புதுத்தாளில் ஒரு கையைக் கீறினேன். விரல்கள் உருகுவது போலக் கீறினேன். கீறத் தெரியாது, ஆனால் விளங்கும். பிறகு மூட்டுகளைக் காட்டினேன், தண்ணீர்க் குழாய் எங்கே என்று காட்டினேன், துணிக் கையுறையைக் கழற்றி எறியச் சொல்லி என்னுடைய றப்பர் சோடியைக் கொடுத்தேன். தண்ணீர் போல எதைக் கண்டாலும், யார் எந்த மொழியில் கத்தினாலும், விலகி நின்று என்னைக் கூப்பிடு என்றேன். கதை முழுவதையும் சொன்னேன். வழுவழுப்பையும் சொன்னேன்.

கையுறையை மாட்டிக்கொண்டே, "இதெல்லாம் நடந்துச்சே, அந்த அக்கா இப்ப எங்க வேலை பாக்குறாங்க?" என்றாள்.

மணி அடித்தது. வரிசை ஓடத் தொடங்கிப் போத்தல்கள் வந்துவிட்டன. அவளுடைய மணிக்கட்டில் கையுறையை இழுத்து இறுக்கிவிட்டேன்.

"இஞ்சதான்," என்றேன்.

அவள் வரிசை நெடுகப் பார்த்தாள், அது எந்த முகம் என்று தேடி. நான் திருத்தவில்லை.